சாதி நாயும் சான்றிதழும்

சென்ற பொங்கல் விழாவன்று நமது சங்க மண்டபத்தில் இரண்டாவது பந்தி முடிந்து கை கழுவப் போன இடத்தில், ஓர் இளைஞர் என்னைப் பிடித்துக்கொண்டார். நெடுநாள் உறுப்பினர் ஒருவரின் மகன். பெயர் வேண்டாம், கோபித்துக்கொள்வார்.

"அங்கிள், உங்களுக்கு நாய் விஷயம் நல்லாத் தெரியும்னு அப்பா சொன்னாங்க. எங்க லாப்ரடாருக்கு ஜோடி ரெடியா இருக்கு. எத்தனாவது நாள் விடணும்னு மட்டும் சொல்லுங்க."

"வயசு என்ன தம்பி?"

"பதினொரு மாசம். முதல் ஹீட் வந்திருக்கு."

"கடுவன் யாருடையது?"

"வர்தா ரோட்டுல என் ஃப்ரெண்டு வீட்டுல இருக்கு அங்கிள். ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் வாங்கினோம். ஒரே ஈத்துக் குட்டிங்க. ரெண்டுக்கும் பேப்பர் இருக்கு, பக்கா ப்யூர்."

எட்டுக் குட்டி பிறந்தால் ஆளுக்கு நான்கு என்று பங்கும் பிரித்து வைத்திருந்தார்கள். ஒரு குட்டி என்ன விலை போகும் என்று விரல் விட்டு எண்ணிக் காட்டினார். கையில் சோற்றுப் பருக்கை காய்ந்துகொண்டிருந்தது. "தம்பி, இதுக்கு நின்னுக்கிட்டே பதில் சொல்ல முடியாது. எழுதித் தரேன், கொஞ்சம் பொறு" என்றேன். பின்னால் நின்ற நமது ஆசிரியர் காதில் 'எழுதித் தரேன்' என்ற சொல் மட்டும் விழுந்துவிட்டது. ஆகவே இந்தக் கட்டுரை.

எனக்கு இந்த விஷயத்தில் பட்டம் எதுவும் கிடையாது. படித்தது மெக்கானிக்கல் டிப்ளமா. 1982இல் ரயில்வேயில் டிரெயின் எக்ஸாமினராகச் சேர்ந்து, வண்டிகளின் சக்கரத்தையும் அச்சையும் பார்த்தே முப்பத்தேழு ஆண்டுகள் ஓட்டி, 2019இல் ஓய்வு பெற்றவன். நாய் விஷயத்தில் எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒரு பெரிய தப்பைச் செய்துவிட்டு, அதன் பிறகு கேட்டும் படித்தும் கற்றுக்கொண்டது. அந்தத் தப்பிலிருந்தே தொடங்குகிறேன்.

என் சொந்த ஊர் ராஜபாளையத்துக்கு மேற்கே, மலையடிவாரத்தில். என் தாய்மாமன் மாந்தோப்பில் நாய் வளர்த்தார். அந்தக் காலத்தில் அதற்கு 'பிரீடிங்' என்று பெயர் கிடையாது. நாய் கட்டுவது, அவ்வளவுதான். பால் வெள்ளை உடம்பு, ரோஜா நிற மூக்கு, இரண்டடிக்கு மேல் உயரம். தோப்புக்குள் அந்நியன் கால் வைக்க முடியாது. பெட்டை ஈன்றதும் மாமா குட்டிகளை ஒவ்வொன்றாகத் தூக்கி வெளிச்சத்தில் பார்ப்பார். காதிலோ முதுகிலோ ஒரு பழுப்பு மறை தெரிந்தால் அது சாக்குக்குள் போகும். சாக்கு கிணற்றுக்குள் போகும். எனக்குப் பத்து வயது இருக்கும்போது ஒரு முறை பார்த்துவிட்டேன். மாமா கொடுமைக்காரர் இல்லை. தான் குடிக்கும் கம்பங்கூழை நாய்க்கும் ஊற்றிவிட்டுத்தான் குடிப்பார். "மறை விழுந்தா சாதி கெட்டுப் போச்சுன்னு அர்த்தம் மாப்ளே" என்றார். அவருடைய அப்பாவும் அப்படித்தான் செய்திருப்பார். அந்தப் பக்கத்தில் இது ஒன்றும் ரகசியமான பழக்கம் இல்லை.

1994இல் நாகபுரியில் எனக்குத் தரைத்தளக் குவார்ட்டர்ஸ் கிடைத்தது. மாமா மகன் இரண்டு குட்டிகளைக் கொண்டுவந்தான். பார்சல் ஆபீசில் சீட்டுப் போட்டு, ஜி.டி. எக்ஸ்பிரஸ் கார்டு வேனின் நாய்ப் பெட்டியில் வந்து சேர்ந்தன. அந்தப் பெட்டியைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது நாயை ஏற்றிச் செல்வதற்கு நாயைத் தவிர மற்ற எல்லாரையும் கேட்டுச் செய்த பெட்டி. பெட்டையை நான் வைத்துக்கொண்டேன். வெள்ளச்சி என்று பெயர். கடுவனை எங்கள் டிப்போ நண்பர் ஒருவர் எடுத்துக்கொண்டார்.

மேலே சொன்ன இளைஞர் செய்ய நினைத்ததைத்தான் நானும் செய்தேன். வெள்ளச்சிக்கு வயது பதினான்கு மாதம். உடன்பிறந்த கடுவன் நான்கு வீடு தள்ளி இருந்தது. சுத்தமான ராஜபாளையம் நாகபுரியில் வேறு எங்கே கிடைக்கும்? சுத்தத்தோடு சுத்தம் சேர்ந்தால் இன்னும் சுத்தம் என்பது என் கணக்கு. அறுபத்து மூன்றாம் நாள் ஏழு குட்டிகள் ஈன்றது. ஒன்று பிறக்கும்போதே செத்திருந்தது. ஆறும் முழு வெள்ளை, ஒரு மறை இல்லை. மாமாவுக்குக் கார்டு எழுதினேன். பணம் வாங்காமல் ஆறையும் தெரிந்தவர்களுக்குக் கொடுத்தேன். காசு வாங்காததால் என்னைப் பெரிய தர்மவான் என்று எண்ணிக்கொண்டேன்.

அதில் ஒன்று, லைன் ஓரத்தில் குடியிருந்த ஒரு கேங்மேன் வீட்டுக்குப் போயிற்று. அவருடைய பையனுக்கு அப்போது எட்டு வயது. குட்டி அவன் பின்னாலேயே சுற்றும். 'கூப்பிட்டால் வராது, கையைக் காட்டினால் ஓடி வரும், ரொம்பப் பிடிவாதம்' என்று கேங்மேன் சிரித்துக்கொண்டே சொல்வார். நானும் சிரிப்பேன். ஏழு மாதத்தில், ஒரு குளிர்காலக் காலை, யார்டுத் தண்டவாளத்துக்கு நடுவில் வெயில் காய்ந்து படுத்திருந்தது. ஷண்டிங் எஞ்சின் மெதுவாகத்தான் வந்தது. டிரைவர் விசில் கொடுத்திருக்கிறார், ஒரு முறை அல்ல, விடாமல். நாய் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பையன் வேலிக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தான்.

"விசில் அடிச்சுக்கிட்டே வந்தது சாப், அது எந்திரிக்கவே இல்லை" என்று கேங்மேன் இந்தியில் என்னிடம் சொன்னார். விதி என்றேன். அப்போது எனக்குத் தெரிந்த பதில் அதுதான்.

ஒரு மாதம் கழித்து வேறொரு வீட்டிலிருந்து இன்னொரு குட்டி திரும்பி வந்தது. காலிங் பெல்லுக்கும் தீபாவளி வெடிக்கும் அசையாத நாய் எங்களுக்கு எதற்கு என்றார்கள். கால்நடை மருத்துவர் ஒருவரிடம் கொண்டு போனேன். அது தூங்கும்வரை காத்திருந்து, பின்னால் நின்று ஒரு எஃகுத் தட்டைத் தரையில் போட்டார். என் காது அடைத்தது. குட்டி தூங்கிக்கொண்டே இருந்தது. "பிறவிச் செவிடு. அப்பா, அம்மா யார்?" என்று கேட்டார். சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. ஒரு காகிதத்தில் காதின் படம் வரைந்தார்.

அவர் சொன்னதையும் பின்னால் நான் படித்ததையும் சேர்த்துச் சொல்கிறேன். நாயின் தோலுக்கும் மயிருக்கும் நிறம் கொடுக்கும் செல்கள் இருக்கின்றன அல்லவா, அதே வகைச் செல்கள் உள்காதிலும் இருக்கின்றன. அங்கே அவற்றின் வேலை நிறம் கொடுப்பதல்ல. கேட்கும் உறுப்பு உயிரோடு இருப்பதற்கு வேண்டிய உப்புச் சமநிலையைக் காப்பதில் அவற்றுக்குப் பங்கு உண்டு. வெள்ளை மயிருக்குக் காரணமான சில மரபணுக்கள் இந்தச் செல்களைத் தோலின் பல இடங்களுக்குப் போக விடாமல் செய்கின்றன. சில குட்டிகளில் காதுக்கும் அவை போய்ச் சேர்வதில்லை. குட்டியின் காதுத் துவாரம் இரண்டு வாரத்தில் திறக்கும்; அதற்கடுத்த சில வாரங்களிலேயே உள்ளே கேட்கும் நரம்பு முனைகள் வாடிப் போய்விடும். பிறகு எந்த மருந்துக்கும் திரும்பாது. உலகில் இதில் பேர் போன இனம் புள்ளிநாய் எனப்படும் டால்மேஷியன். அமெரிக்காவில் பரிசோதித்த டால்மேஷியன்களில் சுமார் 30 சதவீதத்துக்கு ஒரு காதோ இரண்டு காதுமோ கேட்கவில்லை. நம் ராஜபாளையத்திலும் பிறவிச் செவிடு தெரிந்த குறைதான்.

இதில் என்னைத் தூங்கவிடாமல் செய்த செய்தி ஒன்று உண்டு. டால்மேஷியனில் சில குட்டிகள் பிறக்கும்போதே காதிலோ முகத்திலோ பெரிய கறுப்புத் திட்டோடு பிறக்கும். அந்தத் திட்டு உள்ள குட்டிகளில் செவிடு குறைவு. நிறச் செல்கள் போய்ச் சேர்ந்ததற்கு அது வெளி அடையாளம். ஆனால் கண்காட்சி விதிப்படி அந்தத் திட்டு இருந்தால் தகுதி இல்லை. அதாவது நன்றாகக் காது கேட்கக்கூடியதை ஒதுக்கிவிட்டு, கேட்காமல் போகக்கூடியதை வைத்து வம்சம் வளர்க்கிறோம். என் மாமா கிணற்றில் போட்டது எவற்றை, தோப்பில் வைத்துக்கொண்டது எவற்றை என்று அன்றிரவு யோசித்தேன்.

வெள்ளை மட்டும் குற்றவாளி அல்ல. அண்ணன் தங்கையைச் சேர்த்தது நான். இதற்கு ஒரு கணக்கு உண்டு. சீவால் ரைட் என்னும் அமெரிக்க அறிஞர் 1922இல் கொடுத்த வாய்பாடு. உடன்பிறந்தவை சேர்ந்தால் பிறக்கும் குட்டியின் உள்இனச் சேர்க்கை எண் 25 சதவீதம். தாயும் மகனும், தந்தையும் மகளும் என்றாலும் அதே 25. ஒரு பெற்றோர் மட்டும் பொதுவானால் பன்னிரண்டரை. பெரியப்பா, சித்தப்பா பிள்ளைகள் போன்ற உறவில் ஆறேகால். நூறு மரபணு ஜோடியில் சராசரி இருபத்தைந்தில், இரண்டு பிரதியும் ஒரே மூதாதையின் ஒரே பிரதியாக இருக்கும் என்பது இதன் பொருள். அந்த மூதாதையிடம் மறைந்திருந்த குறை, இப்போது இரண்டு பக்கத்திலிருந்தும் வந்து ஒன்றாகச் சேர்ந்து வெளியே தெரியும். சுத்தத்தோடு சுத்தம் சேர்த்தேன் என்றேனே, குறையோடு குறையைத்தான் சேர்த்திருந்தேன். இங்கிலாந்தில்கூட இது வெகுநாள் நடந்தது. 2008இல் பி.பி.சி. ஒளிபரப்பிய ஒரு ஆவணப் படம் பெரிய புயலைக் கிளப்பிய பிறகுதான், உடன்பிறந்தவை, பெற்றோர்-பிள்ளை சேர்க்கையில் பிறக்கும் குட்டிகளைப் பதிவு செய்வதில்லை என்று அந்நாட்டு கென்னல் கிளப் 2009இல் முடிவெடுத்தது. அதுவரை அப்படிப் பிறந்தவற்றுக்கும் சான்றிதழ் இருந்தது என்பதைக் கவனியுங்கள்.

இனி அந்தப் 'பேப்பர்' விஷயத்துக்கு வருகிறேன். சென்னையில் தலைமையகம் உள்ள இந்திய கென்னல் கிளப் தரும் பதிவுச் சான்றிதழைத்தான் நம்மவர்கள் பேப்பர் என்கிறார்கள். அதில் நாயின் அப்பா, அம்மா, தாத்தா, பாட்டி வரிசை இருக்கும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் அது சொல்வது வம்சத்தை, உடம்பை அல்ல. எங்கள் தொழிலில் ஒவ்வொரு அச்சின் முனையிலும் எண் பொறித்திருக்கும். எந்தத் தொழிற்சாலை, எந்த உருக்கு, எப்போது செய்தது என்று அந்த எண்ணை வைத்துச் சொல்லிவிடலாம். அதற்காக எண் இருக்கிறது, வண்டியை விடு என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அல்ட்ராசோனிக் கருவியை வைத்து உள்ளே விரிசல் இருக்கிறதா என்று பார்த்தபின்தான் அச்சு வண்டிக்குக் கீழே போகும். நாய்க்கு எண்ணை மட்டும் பார்க்கிறோம். அந்த எண்ணும் அந்த நாயுடையதுதானா என்று பார்ப்பவர்கள் எத்தனை பேர்? தோலுக்கடியில் வைக்கும் மைக்ரோசிப் எண்ணும் காகிதத்து எண்ணும் ஒன்றா என்று, படிக்கும் கருவியை வைத்துப் பார்த்து வாங்குங்கள். இல்லாவிட்டால் யாருடைய சான்றிதழோ யாருடைய குட்டியோடோ வரும்.

உடம்பைப் பார்ப்பது என்றால் என்ன? இனத்துக்கு இனம் வேறுபடும். லாப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்டுக்கு முக்கியமானது இடுப்பு மூட்டு. தொடை எலும்பின் பந்து, கிண்ணத்தில் சரியாக உட்காராமல் ஆடும். சின்ன வயதில் தெரியாது. முயல் மாதிரி இரண்டு பின்னங்காலையும் சேர்த்து ஓடும், நாம் அழகு என்று ரசிப்போம். நாலைந்து வயதில் எழுந்திருக்கவே முனகும். ஒரு வயது முடிந்தபின் மயக்கம் கொடுத்து எக்ஸ்ரே எடுத்தால் பெரும்பாலும் தெரிந்துவிடும். இதில் ஒரு மரபணு அல்ல, பல சேர்ந்து வேலை செய்கின்றன. தீனியும் எடையும்கூடச் சேரும். ஆகவே நல்ல மூட்டுள்ள பெற்றோருக்கும் கெட்ட மூட்டுள்ள குட்டி பிறக்கலாம், வாய்ப்புதான் குறையும். அடுத்தது கண். லாப்ரடாரில் விழித்திரை மெல்ல மெல்ல அழிந்து குருடாகும் ஒரு பரம்பரை நோய் உண்டு. அதற்கு இப்போது டி.என்.ஏ. சோதனை இருக்கிறது. அந்தக் குறையின் ஒரு பிரதியை மட்டும் சுமக்கும் நாய்க்கு நோய் வராது. அப்படிப்பட்ட இரண்டு சேர்ந்தால் நாலில் ஒரு குட்டிக்கு வரலாம். சுமக்கும் ஒன்றைச் சுமக்காத ஒன்றோடு சேர்த்தால் ஒரு குட்டிக்கும் வராது. ஆகவே சுமக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக நல்ல நாயை ஒதுக்கத் தேவையில்லை; யாரோடு சேர்க்கிறோம் என்பதுதான் கேள்வி. ராஜபாளையத்துக்கு நான் முதலில் கேட்பது காது. மூளையின் மின் அலையை வைத்துக் குட்டியின் ஒவ்வொரு காதையும் தனித்தனியாகச் சோதிக்கும் முறை உண்டு. ஐந்து, ஆறு வாரக் குட்டிக்கே செய்யலாம். எங்கும் கிடைக்காது. நான் தட்டுப் போட்டுப் பார்ப்பதெல்லாம் ஏழை வைத்தியம். ஒரு காது மட்டும் கேட்காத குட்டியை அதில் கண்டுபிடிக்கவே முடியாது. கூட்டத்தில் இருக்கும் குட்டியிடமும் அது பலிக்காது, ஏனென்றால் மற்றவை எழுந்தால் செவிடும் கூட எழுந்துவிடும்.

நான் இதையெல்லாம் கற்றுக்கொண்டது பெரும்பாலும் ஒருவரிடம். காம்ப்டியில் ஓய்வு பெற்ற ராணுவ அதிகாரி ஒருவர், ஜெர்மன் ஷெப்பர்டு வளர்த்தவர், இப்போது இல்லை. 1997இல் ஒரு நண்பருக்காக அவரிடம் குட்டி கேட்டுப் போனேன். விலை பேசப் போனவனை உட்காரவைத்து முக்கால் மணி நேரம் அவர் என்னை விசாரித்தார். வீட்டில் யார் யார், மாடி எத்தனை, பகலில் யார் இருப்பார்கள், மாற்றல் வந்தால் நாய் என்ன ஆகும். கடைசியாக, "மே மாதம் மத்தியானம் இரண்டு மணிக்கு அந்த நாய் எங்கே படுத்திருக்கும்?" என்று கேட்டார். நண்பரின் வீடு தகரக் கூரை. குட்டி இல்லை என்று சொல்லிவிட்டார். எனக்குக் கோபம்தான் வந்தது. காசு கொடுத்து வாங்குகிறவனுக்கு இத்தனை கேள்வியா?

பிறகு போய்ப் பழகினேன். அவர் வீட்டுக் கட்டு நோட்டில் ஒவ்வொரு பெட்டைக்கும் தனிப் பக்கம். எந்தத் தேதி பருவம், எந்தக் கடுவன், எத்தனை குட்டி, எது எந்த வீட்டுக்குப் போயிற்று, ஐந்தாவது வயதில் அதன் மூட்டு எப்படி இருந்தது வரை இருக்கும். குட்டியை விற்றபின்னும் ஐந்தாண்டுக்குக் கடிதம் எழுதிக் கேட்பவரை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. தாய் நாயைக் காட்டாமல் குட்டியைக் காட்ட மாட்டார். எட்டு வாரத்துக்கு முன்னால் எடுத்துப்போக விட மாட்டார்; குட்டி கடிக்கும் அளவைத் தாயிடமும் கூடப்பிறந்தவற்றிடமும் கற்றுக்கொள்வது அந்த வாரங்களில்தான், அதை மனிதன் கற்றுக்கொடுக்க முடியாது என்பார். எழுதி வாங்கும் காகிதத்தில் ஒரு வரி: எந்த வயதில், என்ன காரணத்தால் வைத்துக்கொள்ள முடியாவிட்டாலும் நாய் திரும்ப என்னிடமே வர வேண்டும். அப்படித் திரும்பி வந்த கிழட்டு நாய் ஒன்று அவர் கட்டிலுக்கு அடியில் படுத்திருக்கும். குட்டி விற்று லாபம் வந்ததா என்று ஒரு நாள் கேட்டேன். "எக்ஸ்ரே, தடுப்பூசி, தீனிக் கணக்கு எழுதிப் பார்த்தபிறகும் லாபம் வந்தால், எங்கேயோ ஒரு செலவை நான் செய்யவில்லை என்று அர்த்தம்" என்றார்.

அவர் தாமாகவே கடைப்பிடித்த பலவற்றை நம் அரசாங்கமும் 2017 மே மாதத்தில் விதியாக்கிவிட்டது. நாய் இனப்பெருக்கம், விற்பனை பற்றிய விதிகள். 1960ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் வந்தவை. குட்டி விற்பதற்காக நாய் வளர்ப்பவர் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். பெட்டைக்குப் பதினெட்டு மாதம் முடிய வேண்டும். எட்டு வயதுக்கு மேல் கூடாது. வருஷத்துக்கு ஒரு ஈத்துக்கு மேல் கூடாது, ஆயுளில் ஐந்துக்கு மேல் கூடாது. உடன்பிறந்தவற்றையும் பெற்றோர்-பிள்ளையையும் சேர்க்கக் கூடாது. எட்டு வாரத்துக்குள் விற்கக் கூடாது. மைக்ரோசிப், தடுப்பூசி, மருத்துவர் சான்று, பதிவேடு எல்லாம் உண்டு. ஒரே ஒரு பெட்டை வைத்து ஒரே ஒரு ஈத்துக் குட்டியை விற்பவரும் இதற்குள் வருகிறார் என்பதே என் வாசிப்பு. தாய்ச் சட்டத்தில் முதல் குற்றத்துக்கு அபராதம் பத்து ரூபாயிலிருந்து ஐம்பது ரூபாய் வரை! வெகுகாலத்துக்கு முன் எழுதிய தொகை. பயப்படுவதற்கு யாரும் இல்லை. ஆனாலும் நல்லது எது என்று கேட்பவருக்கு வரிவரியாக எழுதி வைத்திருக்கிறது.

சாதி சுத்தத்தைப் பற்றி ஒரு வார்த்தை. டால்மேஷியனுக்கு இன்னொரு பரம்பரைக் குறையும் உண்டு, சிறுநீரில் யூரிக் அமிலம் அதிகம், கல் அடைக்கும். இனத்தில் எந்த நாயிடமும் நல்ல பிரதி மிச்சமில்லை. ஆகவே இனத்துக்குள் எவ்வளவு தேர்ந்தெடுத்தாலும் தீராது. 1973இல் ராபர்ட் ஷைபிள் என்ற அமெரிக்க மரபியல் அறிஞர் ஒரே ஒரு தடவை பாயிண்டர் நாயோடு சேர்த்து, பிறகு தலைமுறை தலைமுறையாக டால்மேஷியனோடே சேர்த்து வந்தார். ஒவ்வொரு தலைமுறையிலும் பாயிண்டரின் பங்கு பாதியாகும். பத்தாவது தலைமுறையில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. பார்வைக்கு அசல் புள்ளிநாய், சிறுநீர் சுத்தம். அதை அமெரிக்கக் கென்னல் கிளப் முழுமையாக ஏற்றுக்கொண்டது 2011இல்தான். முப்பத்தெட்டு வருஷம், ஒரு நாயை நாயென்று ஒப்புக்கொள்வதற்கு!

நம் ஊர் நாய்களுக்கு இது இன்னும் முக்கியம். 2005 ஜனவரியில் நம் தபால் துறை நான்கு இந்திய நாய்களுக்குத் தபால்தலை வெளியிட்டபோது ராஜபாளையமும் அதில் ஒன்று. 2020 ஆகஸ்டில் பிரதமர் வானொலியில் ராஜபாளையம், கன்னி, சிப்பிப்பாறை, கோம்பை என்று பெயர் சொல்லிப் பேசிய பிறகு எனக்கே எத்தனையோ தொலைபேசி. எல்லாரும் கேட்டது முழு வெள்ளை, மறை இல்லாதது. காது கேட்குமா என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. எண்ணிக்கை குறைந்த இனத்தில், பரிசு வாங்கிய ஒரே கடுவனைத் தேடி எல்லாப் பெட்டையும் போனால் அடுத்த தலைமுறை முழுவதும் அண்ணன் தங்கையாகிவிடும். மறை விழுந்த குட்டியைக் கொல்லாமல் ஒரு வீட்டுக்குக் கொடுக்கலாம். நல்ல காது, நல்ல உடம்பு இருந்தால் வம்சத்துக்கே வைத்துக்கொள்ளலாம் என்பது என் அபிப்பிராயம். மாமா இருந்திருந்தால் என்னைத் தோப்புக்குள் விட்டிருக்க மாட்டார்.

நாகபுரியில் இருந்துகொண்டு பக் நாயைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. 2003இல் ஒரு தொலைபேசிக் கம்பெனி விளம்பரத்தில் பையன் பின்னால் ஓடி வந்தது முதல் ஊரெங்கும் பக். நாய்க்கு உடம்பெல்லாம் வியர்ப்பதில்லை. நாக்கைத் தொங்கவிட்டு மூச்சு வாங்கித்தான் சூட்டை இறக்க வேண்டும். தலைமுறை தலைமுறையாக மூக்கைத் தட்டையாக்கிவிட்டதால் மூச்சுப் பாதை நெருங்கி, அதற்கு அதுவே முடியவில்லை. குறட்டை விடுகிறது, என்ன அழகு என்கிறோம். நம் ஊர் மே மாதத்தில் 45 டிகிரியில் அது மூச்சுக்குத் தவிப்பதை ஒரு முறை பார்த்தவர் வீடியோ எடுக்க மாட்டார். ரேடியேட்டரை அடைத்துவிட்டு எஞ்சினை ஓட்டுவது போன்ற காரியம்.

திரும்பி வந்த அந்தச் செவிட்டுக் குட்டியை நானே வைத்துக்கொண்டேன். முத்து என்று பெயர் வைத்தோம், கூப்பிடுவதற்கு அல்ல, எங்கள் திருப்திக்கு. தரையில் காலைத் தட்டினால் அதிர்வு தெரிந்து திரும்பும். இரவில் டார்ச்சை இரண்டு முறை அடித்தால் வீட்டுக்கு வா என்று அர்த்தம். என் மனைவி கையாலேயே பத்துப் பன்னிரண்டு கட்டளை சொல்லிக்கொடுத்துவிட்டாள். கயிறு இல்லாமல் கேட்டைத் தாண்ட விட்டதில்லை. 2006 வரை இருந்தது. வெள்ளச்சிக்கு 1996லேயே கருத்தடை அறுவை செய்துவிட்டேன்.

கேங்மேனிடம் உண்மையைச் சொல்ல எனக்கு வெகுகாலம் பிடித்தது. 2019இல் நான் ஓய்வு பெற்ற அன்று மாலை மரியாதைக்கு வந்திருந்தார். அவர் ஏற்கெனவே ஓய்வு பெற்றவர். பையன் கூட வந்திருந்தான். இப்போது அவனும் ரயில்வேயில்தான். விதி அல்ல, நான் சேர்த்த சேர்க்கையால் வந்த செவிடு, மருத்துவர் சொல்லி ஒரு மாதத்தில் எனக்குத் தெரிந்துவிட்டது, உங்களிடம் சொல்ல வாய் வரவில்லை என்றேன். பெரியவர் "பழைய கதை சாப்" என்று கையைப் பிடித்தார். பையன் ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "நான் கூப்பிட்டது அதுக்குக் கேக்கலை, அப்படித்தானே?" என்று கேட்டான். ஆமாம் என்றேன். "இத்தனை நாளா நான் சத்தமாக் கூப்பிடலைன்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன்" என்றான்.

பொங்கல் விழாவில் கேட்ட தம்பிக்கு இதையெல்லாம் மறுநாளே வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். முகம் வாடிவிட்டது. பெட்டைக்கு ஒரு தடவையாவது குட்டி போட்டால்தான் உடம்புக்கு நல்லது என்று அவருடைய அம்மா சொன்னார்கள். அதற்கு ஆதாரம் இல்லை என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள் என்றேன். முதலில் ஒரு வயது முடியட்டும், எக்ஸ்ரே எடுங்கள், நன்றாக இருந்தால் பதினெட்டு மாதம் கழிந்தபின் உறவில்லாத, சோதனை செய்த கடுவன் ஒன்றை நானே தேடித் தருகிறேன், வாரியத்தில் பதிவுக்கும் கூட வருகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். அந்த ஹீட் முடியும்வரை மூன்று வாரம் நாயை வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொண்டார்கள். வர்தா ரோட்டு நண்பர் கோபித்துக்கொண்டாராம்.

எக்ஸ்ரே சென்ற மாதம் எடுத்தார்கள். படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். வலது பக்கம் பரவாயில்லை. இடது பக்கம் பந்து பாதிதான் கிண்ணத்துக்குள் இருக்கிறது. எடை ஏறாமல் பார்த்துக்கொண்டால் நெடுநாள் வலியில்லாமல் இருக்கும் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். கருத்தடைக்கு வருகிற செவ்வாய்க்கிழமை நாள் கொடுத்திருக்கிறார்கள். அம்மாவுக்குப் பயமாக இருக்கிறதாம், நானும் ஆஸ்பத்திரிக்கு வர வேண்டுமாம். காலை ஒன்பது மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார்.